வாசல் காசில் வாழ்ந்த கழகமும் இறைச்சிக்கடைக்காரரின் மகனும்

பின்னேரங்களில் பயேர்ன் மியூனிக் ஜேர்சி போட்டுத் திரிகிற பிள்ளைகள் என் வகுப்பில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஹரி கேனைத் தெரியும், முசியாலாவைத் தெரியும். அந்தக் கழகத்தை இவ்வளவு காலமும் நடத்தியவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல ஏலாது. கோல் அடித்தவரின் பெயரைத்தான் முதுகில் அச்சிடுவார்கள், கணக்குப் பார்த்தவரின் பெயரை யார் அச்சிடுவார்?

எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகங்களில் தெரிவு வருகிற நேரம் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "அவர் அந்தக் காலத்தில நல்லா விளையாடினவர், அவரையே செயலாளராப் போடுவம்." நல்லாக விளையாடியவர் நல்லாக நிர்வகிப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. ஜேர்மனியில் ஒரு மனிதர் இந்தக் கேள்விக்குள்ளேயே நாற்பது வருடம் வாழ்ந்திருக்கிறார். அவர் பெயர் ஊலி ஹோனெஸ். பதிவு நீளம், நேரம் எடுத்து வாசியுங்கள்.

1952 ஜனவரி 5ஆம் திகதி தென் ஜேர்மனியின் ஊல்ம் நகரில் பிறந்தவர். தாயும் தகப்பனும் இறைச்சிக்கடை வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்த காலம். இரண்டு ஆண் பிள்ளைகள், இரண்டு பேருமே தேசிய அணிக்கு ஆடினார்கள். தம்பி டீட்டர் ஹோனெஸும் பிற்காலத்தில் கழக நிர்வாகியானவர்தான். கடைக்காரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குணம் உண்டு, இரவில் கல்லாப்பெட்டியை எண்ணாமல் படுக்கமாட்டார்கள். ஹோனெஸின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்தக் குணம் தெரியும்.

1970இல் பதினெட்டு வயதில் பயேர்னுக்கு வந்தார். கூட வந்தவர் போல் பிரைட்னர். இளைஞர் தேசிய அணியில் இவர்களைப் பார்த்திருந்த உடோ லாட்டெக் அப்போது பயேர்னின் பயிற்றுவிப்பாளர், அவர்தான் கூட்டி வந்தார். கழகத்தில் ஏற்கெனவே பெக்கன்போவர், கோல் காப்பாளர் செப் மையர், கோல் இயந்திரம் என்று சொல்லத்தக்க ஜேர்ட் முல்லர் மூவரும் இருந்தார்கள். ஹோனெஸின் பலம் வேகம். பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினால் அந்தக் காலத்தில் பிடிக்க ஆள் குறைவு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடவேண்டும் என்பதற்காக அதுவரை தொழில்முறை ஒப்பந்தம் செய்யாமல் அமெச்சூர் வீரராகவே இருந்தார். அதே 1972இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் நாட்டுக்காக வென்றார். இருபது வயது.

1974 அவருடைய வருடம். மே மாதம் பிரசெல்ஸில் கழகங்களுக்கான ஐரோப்பியக் கிண்ண இறுதி, எதிரணி அட்லெட்டிகோ மெட்ரிட். மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஷ்வார்ஸன்பெக் தூரத்திலிருந்து அடித்த அடியால் 1-1. அப்போது இறுதி ஆட்டம் சமனானால் உடனே தண்ட உதை கிடையாது, இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் ஹோனெஸ் இரண்டு, முல்லர் இரண்டு, 4-0. எதிரணி களைத்துப் போயிருக்க, ஹோனெஸ் தனியே பந்தைக் கொண்டு ஓடி கோல் காப்பாளரையும் தாண்டிப் போட்ட கோலைத் தேடிப் பாருங்கள்.

ஏழு கிழமைக்குப் பிறகு, ஜூலை 7, உலகக் கிண்ண இறுதி. ஆட்டம் தொடங்கி ஜேர்மன் வீரர் ஒருவரும் பந்தைத் தொடுமுன்னமே குரொய்ஃப் பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். தடுக்கப் போய் விழுத்தியவர் ஹோனெஸ். தண்ட உதை, நெதர்லாந்து 1-0. பிறகு ஜேர்மனி 2-1 என்று வென்றபடியால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து பெல்கிரேடில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1976 ஐரோப்பியக் கிண்ண இறுதி, செக்கோஸ்லோவாக்கியா, 2-2. ஹோனெஸ் அடித்த தண்ட உதை கம்பத்துக்கு மேலால் இரவு வானத்துக்குப் போனது. அதற்கடுத்து வந்த பனென்கா, உலகமே இன்றுவரை பின்பற்றுகிற அந்த மெல்லிய தட்டலைப் போட்டு கிண்ணத்தை எடுத்தார். ஒருவரின் பெயர் ஒரு உதை வகைக்கே பெயராகிவிட்டது. மற்றவருக்கு வாழ்நாள் முழுக்கப் பகிடி.

கால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. 1975இல் பாரிசில் லீட்ஸுக்கு எதிரான இறுதியில் முதல் பாதி முடியுமுன்னமே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். கிண்ணம் வந்தது, பழைய வேகம் வரவில்லை. வேகத்தை நம்பி ஆடுகிறவனுக்கு முழங்கால் போனால் என்ன மிஞ்சும்? 1978இல் நியூரம்பெர்க் கழகத்துக்கு இரவலாகப் போய்ப் பார்த்தார், சரிவரவில்லை. எல்லா வீரர்களும் உச்சத்தில் இருக்கிற இருபத்தேழு வயதில் அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பிரைட்னர் இடையில் ரியல் மெட்ரிட் போய், பிறகு பிரௌன்ஷ்வைக் கழகத்தில் இருந்தார். 1978இல் அவரைத் திரும்பக் கொண்டுவர பயேர்னிடம் காசு இல்லை. அப்போதும் விளையாட்டு வீரராக இருந்த ஹோனெஸ், தன் சொந்த ஊரான ஊல்மில் இருந்த மாகிரஸ் டொய்ட்ஸ் என்ற லொறிக் கம்பனியுடன் பேசி, ஜேர்சியில் அவர்கள் பெயரைப் போடுவதற்கு அனுசரணை எடுத்தார். அந்தக் காசு பிரைட்னரை வாங்க உதவியது. பதவியும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பதவி கொடுத்தபிறகு வேலை பழகலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்த மனிதர் வேலையைச் செய்து காட்டியபிறகுதான் பதவி வந்தது.

1979 மார்ச்சில் கழகத்தில் பெரிய குழப்பம். தலைவர் நொய்டெக்கர் கண்டிப்பான ஒரு பயிற்றுவிப்பாளரைக் கொண்டுவரப் பார்த்தார். மையரும் பிரைட்னரும் முன்னுக்கு நின்று வீரர்கள் எதிர்க்க, தலைவர் பதவி விலகிப் போய்விட்டார். அந்தப் புழுதி அடங்குமுன், மே 1ஆம் திகதி, ஹோனெஸ் பொது முகாமையாளர் கதிரையில் அமர்ந்தார். புண்டஸ்லீகா அதுவரை கண்ட முகாமையாளர்களில் ஆகச் சின்ன வயது. நேற்றுவரை உடை மாற்றும் அறையில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இன்று சம்பளம் பேசவேண்டும். அது லேசான காரியமல்ல என்பது ஊரில் கூட்டாளிகளோடு சேர்ந்து எதையாவது நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கணக்கைப் பார்த்தால், அவரே பிற்காலத்தில் பல தடவை சொன்னபடி, வருட வருமானம் ஏறத்தாழ 12 மில்லியன் மார்க், கடன் 7 மில்லியன். மூன்று தடவை தொடர்ந்து ஐரோப்பாவை வென்ற கழகத்தின் நிலைமை அது. காரணம் எளிது, வருமானத்தின் பெரும்பகுதி வாசலில் வசூலிக்கிற டிக்கட் காசு. ஒலிம்பிக் மைதானத்தில் பாதிக்கு மேல் கூரை இல்லை. மழை பெய்தால், பனி விழுந்தால், அணி இரண்டு ஆட்டம் தோற்றால் சனம் வராது. சனம் வராவிட்டால் சம்பளத்துக்குக் காசு இல்லை. கழகத்தின் சாப்பாடு வானத்தைப் பார்த்து இருந்தது. மானாவாரி வயல் செய்கிற ஆளிடம் கேளுங்கள், அந்தக் கவலை என்னவென்று சொல்வார்.

ஹோனெஸ் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், கழகத்தின் வருமானத்தை வாசலில் இருந்து பிரித்தெடுத்தார். அனுசரணையாளர், தொலைக்காட்சி, ஜேர்சி, தொப்பி, சால்வை, கடைசியில் சொந்த மைதானம். இன்று எல்லாக் கழகமும் இதைத்தான் செய்கிறது, ஆகவே பெரிதாகத் தெரியாது. 1979இல் ஜேர்மனியில் சால்வை விற்கிற வேலை ஒரு கௌரவமான கழகத்தின் வேலையாகவே பார்க்கப்படவில்லை. "விளையாட்டைக் கடை ஆக்கிவிட்டார்" என்று ஏசினார்கள். அவர் கடைக்காரர் மகன், அந்த ஏச்சு அவருக்கு உறைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சொந்தமாகவும் 1985இல் நியூரம்பெர்க்கில் தொத்திறைச்சித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கி நல்ல பணம் பார்த்தார். (அந்தத் தொத்திறைச்சி எங்களுக்கு ஆகாத சாமான், அதை விட்டுவிட்டு மேலே போவோம்.)

இடையில் 1982 பெப்ரவரி 17. தேசிய அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்க்க ஹனோவருக்குச் சின்ன விமானத்தில் போனார்கள், நாலு பேர். விமானம் நகரத்துக்குக் கிட்ட விழுந்து நொறுங்கியது. பின் ஆசனத்தில் நித்திரையில் இருந்த ஹோனெஸைத் தவிர மூன்று பேரும் மௌத்தாகிவிட்டார்கள். இதற்குப் பிறகு அவர் மனிதர்களோடு நடந்துகொண்ட விதம் மாறியது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி நேர்கோடு போட விருப்பமில்லை.

கடனைத் தீர்த்தது 1984இல் நடந்த ஒரு விற்பனை. கழகத்தின் ஆகப் பெரிய நட்சத்திரம் கார்ல்-ஹெய்ன்ஸ் ருமெனிக்கே. இத்தாலியின் இன்டர் மிலான் அவருக்காக 10 மில்லியன் மார்க்குக்கு மேல் கொடுக்க முன்வந்தது. ஊர் முழுக்க எதிர்ப்பு. ஹோனெஸ் விற்றார். அதே கோடையில் அந்தக் காசில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கொடுத்து, மொன்ஷன்கிளாட்பாக் கழகத்திலிருந்து ஒரு இளைஞரை வாங்கினார். அவர் லோதர் மத்தயஸ். கடன் போனது. 1985, 1986, 1987 என்று மூன்று வருடமும் லீக் கிண்ணம் வந்தது. இந்த ஒரு கோடைகாலம் ஹோனெஸின் முழுப் பாடம் என்று சொல்லலாம்.

அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. போட்டிக் கழகம் ஒன்று எழும்பினால் அதன் நல்ல வீரரை பயேர்ன் வாங்கிவிடும். மத்தயஸ் தொடங்கி, பிற்காலத்தில் டோர்ட்மண்டின் கோட்ஸே, லெவண்டோவ்ஸ்கி வரை அந்தப் பழக்கம் போனது. ஜேர்மன் லீக்கில் வருடா வருடம் ஒரே பெயர் வெல்வதற்கு இந்தக் கணக்குப் புத்தகமும் ஒரு காரணம். பயேர்ன் ஆதரவாளர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனி நான் எழுத வந்த இடம்.

ஜேர்ட் முல்லரைச் சொன்னேன் அல்லவா? 1974 இறுதியில் நாட்டுக்கு வெற்றிக் கோலை அடித்தவர். 1979இல் அமெரிக்காவுக்கு ஆடப் போனார், அங்கே உணவகம் நடத்தினார், திரும்பி வந்தபோது குடிக்கு அடிமையாகியிருந்தார். குடும்பமும் உடைகிற கட்டம். 1991இல் ஹோனெஸும் பழைய கூட்டாளிகளும் சேர்ந்து அவரைச் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். குணமானபிறகு ஹோனெஸ் செய்தது அதைவிடப் பெரியது என்பேன். மாதாமாதம் உதவிக் காசு கொடுத்து வீட்டில் இருத்தவில்லை, கழகத்தில் வேலை கொடுத்தார். இளைஞர்களுக்கும் இரண்டாம் அணிக்கும் பயிற்சி கொடுக்கிற வேலை. பல வருடம் அதைச் செய்தார் முல்லர். ஷ்வைன்ஸ்டைகர், தோமஸ் முல்லர் போன்றவர்கள் இரண்டாம் அணி வழியாக மேலே வந்த காலத்தில் அந்த மனிதர் மைதான ஓரத்தில் நின்றிருந்தார். 2021இல் காலமானார்.

எதிரிகளுக்கும் செய்திருக்கிறார். ஹம்பர்க்கின் சங்க்ட் பவுலி ஒரு சின்னக் கழகம், 2002இல் பயேர்னை 2-1 என்று தோற்கடித்து "உலகக் கிண்ணக் கழகத்தை வென்றவர்கள்" என்று ஜேர்சி அடித்துக் கிண்டல் பண்ணியது. மறுவருடம் அந்தக் கழகம் பணமில்லாமல் மூடப்படுகிற நிலை. ஹோனெஸ் முழு அணியையும் கூட்டிக்கொண்டு போய் இலவசமாக ஒரு ஆட்டம் ஆடி, வசூலைக் கொடுத்துவிட்டு வந்தார். பரம எதிரி டோர்ட்மண்ட் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நின்ற நேரம், பிணை எதுவும் இல்லாமல் 2 மில்லியன் யூரோ கடன் கொடுத்ததை 2012இல்தான் வெளியே சொன்னார். போட்டிக் கழகம் செத்தால் லீக் செத்துவிடும் என்ற வியாபாரக் கணக்கும் இதில் இருந்திருக்கும். இருக்கட்டும், அந்தக் கணக்கு தெரிந்த பலர் அதைச் செய்யவில்லையே.

2007 பொதுக்கூட்டத்தில் மைதானத்தில் உயிர் இல்லை, பணக்காரர்களின் சொகுசு அறைகள்தான் முக்கியமாகிவிட்டது என்று ஆதரவாளர்கள் குறை சொன்னபோது கோபத்தில் வெடித்தார். அந்தப் பணக்காரர்களிடம் கறக்கிற காசால்தான் நின்று பார்க்கிற உங்களுக்கு இந்த மலிவு விலையில் டிக்கட் தர முடிகிறது என்பது அவர் சொன்னதின் சாரம். சத்தம் போட்ட விதம் பிழை, சொன்ன விஷயம் சரி. இங்கிலாந்தில் டிக்கட் விலை ஏழைகளை வீட்டில் இருத்திவிட்ட காலம் அது. கழகத்தை ஒரு செல்வந்தருக்கு விற்கவும் இல்லை. 2002இல் கம்பனியாக்கி முதலில் அடிடாஸ், பிறகு அவுடி, அலியான்ஸ் என்று மூன்று நிறுவனங்களுக்கு மொத்தமாக நாலில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். மீதி 75 வீதமும் உறுப்பினர்களுடையது. பொதுச் சொத்தை அமானிதமாகப் பார்த்தல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அந்நாளில் யாராவது கேட்டால் நானே அவரைக் காட்டியிருப்பேன்.

அந்த அமானிதக்காரருக்கு சூரிச்சில் உள்ள வொன்டோபெல் வங்கியில் ஒரு கணக்கு இருந்தது.

நாணயச் சந்தையில் சூதாட்டம் மாதிரியே வாங்குவதும் விற்பதும். அடிடாஸின் அப்போதைய தலைவர், அவருடைய நண்பர், கொடுத்த கோடிக்கணக்கான மார்க்கில் 2000களின் தொடக்கத்தில் அது பெரிதானது. அடிடாஸ் கழகத்தில் பங்கு எடுத்த காலமும் அதுவே. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று ஹோனெஸ் மறுத்தார், நீதிமன்றமும் அந்தத் தொடர்பை விசாரிக்கவில்லை, ஆகவே நானும் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கழகத்தின் முகாமையாளர் கழகத்தோடு வியாபாரம் செய்கிற கம்பனியின் தலைவரிடம் தனிப்பட்ட பணம் வாங்கலாமா என்ற கேள்வியைக் கேட்க நீதிமன்றம் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அப்படி நடந்தால் வெள்ளிக்கிழமையே கேட்பார்கள்.

வந்த இலாபத்துக்கு ஜேர்மனியில் வரி கட்டவில்லை. ஜேர்மன் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பிடிபடுமுன் நாமாகப் போய் முழுக் கணக்கையும் ஒப்புவித்து வரியைக் கட்டினால் தண்டனை இல்லை. சுவிஸ் கணக்கு ஒன்றைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் துருவத் தொடங்கியிருந்த நேரம், 2013 ஜனவரியில், அவசர அவசரமாக அதைச் செய்தார். ஏப்ரலில் விஷயம் வெளியானது. மே மாதம் வெம்பிளியில் பயேர்ன் டோர்ட்மண்டை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. முந்தைய வருடம் சொந்த மைதானத்திலேயே செல்சியிடம் தண்ட உதையில் இழந்த கிண்ணம். வாழ்நாள் உழைப்பு பழுத்த அந்த இரவில் அவர் விசாரணைக்குக் காத்திருக்கும் ஆள்.

2014 மார்ச் 10, மியூனிக் நீதிமன்றம். குற்றப்பத்திரிகையில் 3.5 மில்லியன் யூரோ. முதல் நாளே அவராக 18.5 மில்லியன் என்று ஒப்புக்கொண்டார். விசாரணை முடியும்போது தொகை 28.5 மில்லியன். நாலு நாளில் எட்டு மடங்கு. தான் கட்டிய வரி 50 மில்லியன், தர்மத்துக்குக் கொடுத்தது 5 மில்லியன் அளவு என்று சொன்னார், அது பொய் என்று யாரும் சொல்லவில்லை. நீதிபதி அதைத் தராசின் மற்றத் தட்டில் வைத்துக் கழிக்கவில்லை. ஒப்புவித்த கணக்கு முழுமையாக இல்லை என்பதால் மன்னிப்பு வழியும் அடைபட்டது. மார்ச் 13, மூன்றரை வருடச் சிறை. மறுநாளே மேன்முறையீடு செய்யமாட்டேன் என்று அறிவித்து, தலைவர் பதவியை விட்டார்.

எனக்கு விளங்காத இடம் இது. பிணை இல்லாமல் எதிரிக்குக் கடன் கொடுத்தவர், கழகத்தின் ஒரு சதத்தைத் தொட்டதாக யாரும் சொல்லாதவர், தன்னுடைய காசு என்று வந்தபோது ஏன் இப்படி? கொடையாளி என்ற பெயர் வந்துவிட்டால் வரி என்பது கட்டாயம் என்ற நினைப்பு தேய்ந்துவிடுமோ? "நான்தான் இவ்வளவு கொடுக்கிறேனே" என்று மனசு ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும். வரிப் பணம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று நாங்கள் தீர்மானிக்க முடியாது, தர்மம் யாருக்கு என்று தீர்மானிக்கலாம். கொடுக்கிற கையாகவே இருந்து பழகியவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

2014 ஜூன் 2ஆம் திகதி லான்ட்ஸ்பெர்க் சிறைக்குப் போனார். (1924இல் ஹிட்லர் அடைபட்டிருந்த அதே சிறை, வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.) அவர் உள்ளே இருந்த நவம்பர் மாதம் கழகம் ஒரு அறிவித்தல் விட்டது. 2005இல் திறந்த மைதானத்தின் கட்டுமானக் கடன், 25 வருடத்தில் கட்டி முடிக்கத் திட்டமிட்டது, 16 வருடம் முந்தியே முழுதாகத் தீர்ந்துவிட்டது. வானத்தைப் பார்த்த கழகத்துக்குக் கூரை போட்டவர் அந்தச் செய்தியைச் சிறையில் இருந்து கேட்டிருப்பார்.

2015 ஜனவரியிலிருந்து பகலில் வெளியே வேலை செய்ய அனுமதித்தார்கள். பகலில் பயேர்னின் இளைஞர் பிரிவில் வேலை, இரவில் திரும்பச் சிறை. 2016 பெப்ரவரி 29 விடுதலை. அதே நவம்பரில் உறுப்பினர்கள் 97 வீதத்துக்கு மேல் வாக்களித்து மீண்டும் தலைவராக்கினார்கள். 2019 நவம்பரில் அவராக விலகியபோது, முந்தைய பருவத்தில் பயேர்னின் மொத்த வருமானம் 750 மில்லியன் யூரோ.

அந்த 2016 கூட்டத்தில் நான் உறுப்பினராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். தண்டனையை முழுசாக ஏற்று அனுபவித்த மனிதரைத் திரும்பச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. முல்லருக்கு அவர் கொடுத்த மாதிரியே இளைஞர் பிரிவு வேலையை அவருக்கும் கொடுத்திருப்பேன், ஆயுளுக்கும். தலைவர் கதிரைக்குக் கை உயர்த்தியிருக்கமாட்டேன். அந்த மண்டபத்தில் என்னோடு இருந்திருப்பவர்கள் மூன்று வீதம்கூட இல்லை என்பதும் தெரியும். நீங்கள் என்றால் எந்தப் பக்கம்? கீழே எழுதுங்கள், முக்கியமாகக் கழகங்களில் பொருளாளராக இருந்தவர்கள்.